சர்க்கரைத் தண்ணீர் அறை

நித்யாவைச் சாரம் பக்கம் ஒரு காய்கறிக் கடையில் பார்த்தேன். நான் ரிட்டயர் ஆன பிறகு ஆஸ்பத்திரியில் என் வேலைக்கு வந்த பெண். கையில் கீரைக்கட்டோடு நின்றாள்.

"உங்க ரூமக் காலி பண்ணிட்டாங்கம்மா," என்றாள். "இப்பல்லாம் அந்த டெஸ்ட் அதிகமா எடுக்கறதில்ல. விரல்ல ஒரு குத்து, மிஷின்ல வச்சா மூணு மாசத்துச் சர்க்கரையும் வந்துடுது. புள்ளைங்க வருது, போவுது."

"நல்லதுதான்."

"நீங்க எப்பிடிம்மா அதுங்களப் புடிச்சி உக்கார வச்சீங்க, ரெண்டு மணி நேரம்? நான் கதவத் தொறந்தாலே கேன்டீனுக்கு ஓடுதுங்க."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பேச்சு வராது. அன்று மதியம் படுத்திருந்தபோது அந்த அறை வந்தது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. எலுமிச்சை வாசம் அடித்தது. கடல் சத்தம் கேட்டது. நாற்காலிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து பேனா எடுத்தேன். எட்டாவதோடு நின்றவள். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மில்லில் இருந்தேன், நூல் சுற்றும் பிரிவில். மில் படுத்தது. பிறகு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் ஆயா வேலை கிடைத்தது. பெருக்கினேன், துடைத்தேன், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டேன். ஊசி போடும்போது கையை எப்படிப் பிடிப்பது என்று ஸ்டெல்லா சிஸ்டர் காட்டிக் கொடுத்தார். இறுக்கினால் பிள்ளை திமிறும். உள்ளங்கையில் தாங்கினால் அடங்கும். நான் கற்றது அவ்வளவுதான்.

டாக்டரம்மா பிறகு வந்தார். இந்த ஊர்க்காரர். மில்லுக்குப் பின்னால் இருந்த தெருவில் பிறந்தவர். வெளியூரில் படித்துவிட்டு வந்து, உடம்பு பெருத்த பிள்ளைகளுக்கென்று வாரத்தில் ஒரு நாள் தனியாகப் பார்க்க ஆரம்பித்தார். பத்து வயதிலிருந்து பதினாறு, பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் டெஸ்டுக்கு ஒரு அறை கேட்டு வாங்கினார். அறையை என்னிடம் விட்டார்.

பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டிடம். கூரை எட்டாத உயரத்தில் இருக்கும். மஞ்சள் சுவர். ஜன்னல் கதவில் மரப் பட்டிகள் சாய்வாக அடுக்கியிருக்கும். காலை வெயில் அதன் வழியாகக் கோடு கோடாக உள்ளே வரும். முதல் ரத்தம் எடுக்கும்போது கோடுகள் எதிர்ச் சுவரில் இருக்கும். மெல்ல இறங்கும். தரையில் படுக்கும். கடைசி ரத்தம் எடுக்கும்போது ஜன்னலடிக்கே திரும்பியிருக்கும். சுவரில் கடிகாரம் உண்டு. நான் பார்த்ததெல்லாம் கோடுகளைத்தான்.

டெஸ்ட் இதுதான். முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். தண்ணீர் குடிக்கலாம். சிஸ்டர் கையில் சின்ன பிளாஸ்டிக் குழாயைச் செருகி ஒட்டிவிடுவார். ஒரே குத்துதான். பிறகு எத்தனை முறை ரத்தம் எடுத்தாலும் அதன் வழியாகத்தான். முதல் ரத்தம் எடுத்ததும் குளுக்கோஸ். பிள்ளையின் எடைக்குத் தக்கபடி சிஸ்டர் நிறுத்துத் தருவார். நான் பானைத் தண்ணீரில் கரைப்பேன். குளிர்ந்த தண்ணீர் என்றால் குமட்டாது. கொஞ்சம் எலுமிச்சை பிழியலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மெதுவாகக் குடிக்க வேண்டும். ஆனால் குடித்து முடித்துவிட வேண்டும். வாந்தி எடுத்தால் எல்லாம் வீண். இன்னொரு நாள் வர வேண்டும்.

குடித்த பிறகு உட்கார வேண்டும். ஓடக் கூடாது, தின்னக் கூடாது. இடையிடையே சிஸ்டர் வந்து ரத்தம் எடுப்பார்.

நித்யா கேட்டதற்குப் பதில், நான் யாரையும் பிடித்து வைக்கவில்லை. முதலில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளும், சிரிக்கும். பிறகு வெறும் வயிற்றில் அந்தத் தித்திப்பு இறங்கும். கண் செருகும். மின்விசிறி மெல்லச் சுற்றும். கடல் கேட்கும். யாரும் அவர்களை ஓடு என்று விரட்டவில்லை, எழுந்து வா என்று கூப்பிடவில்லை, பெயர் வைத்து அழைக்கவில்லை. வெளியே அதெல்லாம் உண்டு. சின்ன யானை, பூசணி, டேங்கர். அந்த அறையில் இல்லை. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். யாருக்கு எழுந்து போகத் தோன்றும்?

டாக்டரம்மாவுக்குச் சில வழக்கம் உண்டு. எடை மிஷினில் எண் தெரியும் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பார். அவர் மட்டும் குனிந்து பார்ப்பார். எழுதிக்கொள்வார். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். அம்மாக்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

"எத்தினி கிலோ டாக்டர்?"

"அது எனக்கும் மிஷினுக்கும் நடுவுல."

அடுத்தது கழுத்து. பிள்ளையைத் தலை குனியச் சொல்லிப் பின்கழுத்தைப் பார்ப்பார். உடம்பில் இன்சுலின் அதிகமாகச் சுரந்தால் கழுத்து மடிப்பில் தோல் தடித்துக் கறுத்துப்போகும். தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். பிள்ளையைப் பார்த்த கையோடு அம்மாவைத் திரும்பச் சொல்வார். பிறகு அப்பாவை. அப்பா வரவில்லை என்றால் அடுத்த வாரம் கூட்டி வரச் சொல்வார். அப்பா இல்லாமல் முடிக்க மாட்டார்.

பிறகு வம்சப் படம். வெள்ளைத் தாளில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். தாத்தா வரை போகும். யாருக்குச் சர்க்கரையோ அவர்களைக் கறுப்பாக அடிப்பார். இதில்தான் சண்டை வரும்.

"எங்க பக்கம் ஏன் டாக்டர் அடிக்கிறீங்க? எங்கப்பாவுக்கு லேசாத்தான் சர்க்கரை."

"லேசான சர்க்கரைன்னு ஒன்னு இல்லம்மா."

"அப்ப இவரு பக்கமும் அடிங்க. இவரு அத்தைக்குக் கால் விரலயே எடுத்தாங்க."

"அடிச்சாச்சு."

"இன்னும் நல்லா அழுத்தி அடிங்க."

டாக்டரம்மா சிரிக்க மாட்டார். அழுத்தி அடிப்பார். அம்மா அமைதியாகிவிடுவாள்.

இன்சுலின் பார்க்கும் ரத்தம் வெப்பம் தாங்காது. குழாயை ஐஸில் வைத்து உடனே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். அது என் வேலை. ஒரு நாள் எங்கள் ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டது. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்துவிட்டார்கள். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. குருசுக்குப்பத்துக்கு ஓடினேன். ஒரு அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐஸு குடுக்கா."

"இன்னா மீனு?"

"மீனு வேணாம். ஐஸு மட்டும்."

"மீனு இல்லாம ஐஸ வச்சிக்கினு இன்னாடி பண்ணுவ?"

"ரத்தத்துக்கு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு ரத்தம்?"

"புள்ளைங்க ரத்தம்."

"அடி ஆத்தா!" என்றாள். தூக்குப் பாத்திரம் நிறைய அள்ளிப் போட்டாள். காசு வாங்கவில்லை. விவரம் சொன்ன பிறகும் நான் அந்தப் பக்கம் போனால் போதும், "ரத்தக்காரி வரா, ஐஸ எடுத்து வைங்கடி" என்பாள். அன்று லேபில் இருந்தவர் ஐஸ் பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். "என்னா ஆயாம்மா, வஞ்சிரமா?" என்றார்.

எல்லாப் பிள்ளைகளும் ஞாபகத்தில் இல்லை. தர்ஷினி இருக்கிறாள்.

ஒன்பதாவது படித்தாள். வீடு சாரத்தில். அப்பா முருகையன் டெம்போ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை, கழுத்தில் துண்டு. அவருடைய அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அம்மா விஜயா ஜவுளிக் கடையில் வேலை. ஒல்லியான பெண்மணி. இடுப்பில் ஒரு சாவி தொங்கியது.

முதல் தடவை அம்மாவும் மகளும் மட்டும் வந்தார்கள். அப்பா வெளியே டெம்போவில் இருந்தார். நல்ல வெயில் காலம். பெண் தலைமுடியை அவிழ்த்துக் கழுத்தின் மேல் போட்டு, அதன் மேல் துப்பட்டாவும் சுற்றியிருந்தாள். டாக்டரம்மா முடியை விலக்கினார். கறுப்பு இருந்தது. கறுப்பின் மேல் தோல் உரிந்து புண்ணாக இருந்தது.

"இது என்னம்மா புண்ணு?"

"அழுக்கு டாக்டர். பீர்க்கங்கூடு, எலுமிச்சம்பழம், உப்பு, எல்லாம் போட்டுத் தேய்ச்சிப் பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை ஆனா இதே வேலைதான். போவ மாட்டேங்குது. குளிக்க சோம்பேறி இது."

"அழுக்கு இல்லம்மா. இனிமே தேய்க்காதீங்க."

"அழுக்கு இல்லாம கறுக்குமா?" என்றாள் விஜயா. அவள் நிறுத்தவில்லை. "சோத்துப் பானைய ஒளிச்சி வச்சேன். கொறையல. சமையக்கட்டுக்கே பூட்டு போட்டேன். அப்பவும் கொறையல. எங்கியோ திருடித் தின்னுது டாக்டர்."

"நான் திருடல," என்றாள் தர்ஷினி.

ஒரே முறைதான் சொன்னாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எடையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. சர்க்கரை என்னவென்றே தெரியாது. தான் திருடவில்லை என்று வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

டாக்டரம்மா டெஸ்டுக்கு நாள் குறித்தார். எல்லோரிடமும் சொல்வதை விஜயாவிடமும் சொன்னார். "அதுக்கு முன்னாடி மூணு நாளு நல்லா சோறு சாப்பிடணும். வழக்கம் போல. கொறைக்கக் கூடாது."

"சரிங்க டாக்டர்."

குறித்த நாளில் வந்தார்கள். பெண்ணின் உதடு வறண்டிருந்தது. நடை தளர்ந்திருந்தது. பயமாக இருக்கும் என்று நினைத்தேன். சிஸ்டர் குழாய் செருகியபோது கையைத் தாங்கினேன். ஜில்லென்று இருந்தது. குளுக்கோஸைக் குடித்தாள். கடைசிச் சொட்டையும் விடவில்லை. டம்ளரின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோடுகள் சுவரிலிருந்து இறங்கின. அவள் கண் செருகியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஆயாம்மா," என்றாள். கண் மூடியே இருந்தது. "கடல்ல சோறு பொங்குது."

"நேரா உக்காரு கண்ணு."

"வெள்ளையா நுரைச்சிக்கினு வருது. கரையெல்லாம் வழியுது. அம்மா அங்க நிக்குது. யாரையும் அள்ள விடல."

அறையில் சாப்பாட்டுப் பேச்சு கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. இருந்தாலும் கேட்டேன்.

"நேத்து என்ன சாப்ட்ட?"

"மோரு."

"முந்தாநாளு?"

"வெள்ளரிக்கா. மோரு." கண் திறக்காமலே சொன்னாள். "டெஸ்டுன்னா பரீட்சை மாதிரின்னு அம்மா சொல்லிச்சு. மூணு நாளு வாயக் கட்டுனா பாஸாயிடலாமாம். பாஸாயிட்டா பூட்ட எடுத்துடறேன்னு சொல்லிச்சு."

கடைசி ரத்தத்தை எடுத்ததும் ஐஸ் பெட்டியை லேபில் வைத்துவிட்டு டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே கூட்டம். சர்க்கரை முடிவு சீக்கிரம் வந்துவிடும். நான் டாக்டரம்மாவிடம் சொல்வதற்கு முன்பே விஜயா லேப் ஜன்னலில் கேட்டுவிட்டாள். கூட இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

பளார் என்று சத்தம் கேட்டது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். தர்ஷினி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணு நாளு பட்டினி போட்டேன்! பட்டினி! அப்பவும் ஏறியிருக்குது. எங்கடி தின்ன? யாரு வூட்ல தின்ன? ரத்தமே சொல்லுதே, இன்னும் இல்லன்னு சாதிப்பியா?"

இப்போது அவளுடைய ரத்தமே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. இனி யாரிடம் போய் என்ன சொல்ல?

டாக்டரம்மா வெளியே வந்தார். "மூணு நாளு என்ன போட்டீங்க?" என்று கேட்டார்.

விஜயா அழுதுகொண்டே திரும்பச் சொன்னாள். நான் சொல்ல நின்றதை அவளே சொல்லிவிட்டாள். டாக்டரம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்து முடித்ததும் சொன்னார்.

"பட்டினி கெடந்த உடம்புக்குத் திடீர்னு அவ்ளோ சர்க்கரை குடுத்தா தடுமாறும்மா. உங்களுக்குக் குடுத்தாலும் ஏறும். இந்த ரிசல்ட் செல்லாது." தாளின் குறுக்கே கோடு போட்டார்.

"பட்டினி போட்டா கொறையாம ஏறுமா? இது எந்த ஊரு நியாயம் டாக்டர்?"

டாக்டரம்மா வாதாடவில்லை. என்னைப் பார்த்தார். "லோகம்மா, வெளிய இவங்க வீட்டுக்காரர் இருப்பாரு. கூட்டிட்டு வாங்க."

முருகையன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார். சுவரோரம் நின்றார்.

"அண்ணே, துண்ட எடுங்க."

எடுத்தார். காலருக்கு மேலே கழுத்து கறுத்திருந்தது. மகளுக்கு இருந்த அதே இடம்.

"அது வெயிலு டாக்டர்," என்றாள் விஜயா உடனே. "பகலெல்லாம் டெம்போல போற மனுஷன். வேர்வை, துண்டு ஒரசல். ஒழைச்சிக் கறுத்தது அது."

"கையத் தூக்குங்க அண்ணே."

அவர் கூச்சப்பட்டார். "வேணாம் டாக்டரு, வேர்த்திருக்குது."

"பரவால்ல, தூக்குங்க."

சட்டைக் கையை ஒதுக்கித் தூக்கினார். அக்குளிலும் அதே கறுப்பு.

"இங்க எந்த வெயில்ம்மா அடிக்குது?" என்றார் டாக்டரம்மா.

ஸ்டெல்லா சிஸ்டர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். தர்ஷினி அன்றுதான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் அக்குளைப் பார்த்தாள்.

பிறகு வம்சப் படம் போட்டார்கள். முருகையனின் அப்பா, சர்க்கரையில் கால் போய்ச் செத்தவர். சதுரம் கறுத்தது. அவருடைய அக்கா. வட்டம் கறுத்தது. விஜயாவின் அம்மாவுக்கும் இருந்தது. அதையும் அவளே மெல்லச் சொன்னாள். இரண்டு பக்கமிருந்தும் இறங்கி வந்த கோடுகள் தர்ஷினியின் வட்டத்தில் சேர்ந்தன. அந்த வட்டம் வெள்ளையாக இருந்தது.

"மில்லுச் சங்கு ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லாம? எங்க தெரு அதுலதான் முழிச்சிக்கும்."

"இன்சுலின் அந்தச் சங்கு மாதிரி. அது ஊதினா உடம்பு எழுந்து சர்க்கரையை வேலைக்கு எடுத்துக்கணும். சில வம்சத்துல உடம்புக்குக் காது மந்தம். ஒரு ஊதல்ல எழுந்திருக்காது. அதனால இன்னும் பலமா ஊதுது. நாளெல்லாம் ஊதுது. அந்த ஊதல்லதான் கழுத்து கறுக்குது, உடம்பும் லேசுல எளைக்க மாட்டேங்குது. இவ திருடித் தின்னு வந்ததில்ல இது. அதே சோத்தை நீங்க தின்னா ஒன்னும் ஆவாது விஜயா. இவளுக்கு ஒட்டும்."

"அப்ப தலையெழுத்தா?" என்றாள் விஜயா.

"அப்பிடியும் சொல்லல."

முருகையன் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார். "தறியில நீட்டு இழையா பாவு ஏத்திக் குடுத்துடுவாங்க. அத மாத்த முடியாது. குறுக்க ஓடற ஊடை நம்ம போடறது. அந்த மாதிரியா டாக்டரு?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாதிரிதான்," என்றார். "ஊடை எப்பிடிப் போடறதுன்னு நான் சொல்றேன். வீடு முழுக்கப் போடணும். அவளுக்கு மட்டும் இல்ல."

அடுத்த வாரத்துக்கு மறுபடி நாள் குறித்தார். இந்த முறை அப்பாவுக்கும் சேர்த்து. "மூணு நாளு ரெண்டு பேரும் ஒரே சோறு சாப்பிடணும்."

"எப்பிடி டாக்டர் போடுவேன்?" என்றாள் விஜயா. "வெஷம் வைக்கிற மாதிரி இருக்குமே."

"நான் போடறேன். சாவியக் குடு," என்றார் முருகையன்.

அவள் இடுப்பில் கை வைத்தாள். சாவியைப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. வருவார்களா என்று தெரியவில்லை.

வந்தார்கள், மூன்று பேரும். பெண்ணின் உதட்டைத்தான் முதலில் பார்த்தேன். ஈரமாக இருந்தது.

"சாவி குடுத்திச்சா?" என்று முருகையனிடம் மெல்லக் கேட்டேன்.

"குடுக்கல ஆயாம்மா. ஆனா அதுவே தொறந்து அதுவே போட்டுது. மூணு வேளையும். போடறப்பல்லாம் அழுவுது. சோத்துல உப்பே போட வாணாம் போல."

விஜயா வராந்தாவில் உட்கார்ந்தாள். அவர்கள் இரண்டு பேரும் அறைக்குள் வந்தார்கள். சிஸ்டர் முருகையனுக்கு விரலில் குத்திப் பார்த்தார். வெறும் வயிற்றிலேயே சர்க்கரை கொஞ்சம் அதிகமாக இருந்தது. டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டு வந்துதான் குளுக்கோஸ் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் போட்ட நாற்காலியில் அவர் காலை மடக்கி உட்கார்ந்தார். ஒரு மடக்கு குடித்தார்.

"கல்யாண வூட்டு ஜூஸாட்டம் இருக்குது."

"மெதுவா குடிப்பா. வாந்தி எடுத்தா செல்லாது," என்றாள் தர்ஷினி.

"தெரியும்டி."

"அப்பா, எழுந்து நடக்கக் கூடாது."

"சரிம்மா, டாக்டரே."

கோடுகள் சுவரில் இருந்தன. விசிறி சுற்றியது. முதலில் முருகையன்தான் தூங்கினார். விடியலிலேயே லோடு ஏற்றிவிட்டு வந்திருந்தார். தலை முன்னால் தொங்கியது. துண்டு தோளிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. வெயில் கோடு இறங்கி வந்து அவர் பின்கழுத்தில் விழுந்தது. கறுப்பின் மேல் மஞ்சளாக ஒரு பட்டை, மறுபடி கறுப்பு, மறுபடி ஒரு பட்டை.

தர்ஷினி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழாய் ஒட்டாத கையை நீட்டி அந்தக் கழுத்தைத் தொட்டாள். ஒரு விரலால். அதே விரலைத் தன் முடிக்கு அடியில் விட்டுத் தன் கழுத்தையும் தொட்டுப் பார்த்தாள். அவர் விழிக்கவில்லை. அவள் துண்டை எடுத்தாள். திரும்பப் போர்த்துவாள் என்று நினைத்தேன். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நிழல் ஆடியது. மரப் பட்டிகளின் இடைவெளியில் விஜயாவின் சேலை தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. நான் எழுந்து போகவில்லை. கடல் மட்டும் வந்து வந்து போனது.

மதியம் சர்க்கரை முடிவு வந்தது. தர்ஷினிக்கு அளவுக்குள் இருந்தது. இன்சுலின் முடிவு பிறகுதான் வரும். அது நிறைய இருக்கும், சங்கு பலமாக ஊதிக்கொண்டிருக்கிறது, ஆனால் உடம்பு இன்னும் எழுந்துகொள்கிறது, நேரம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அப்படியே வந்தது. ஊதா மூடி போட்ட இன்னொரு குழாயில் இரண்டு பேர் ரத்தத்தையும் எடுத்து, வம்சத்தில் என்ன இறங்கியிருக்கிறது என்று பார்க்க வெளியூருக்கு அனுப்பினார். ஒரே பதில் அதில் வராது, பல இழை சேர்ந்தது இது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

முருகையனுக்குச் சர்க்கரை நோய். சந்தேகமில்லாமல் இருந்தது. எத்தனை வருஷமாக இருக்கிறதோ தெரியாது என்றார் டாக்டரம்மா. அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது.

தர்ஷினி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ எங்கப்பா திருடித் தின்ன?" என்றாள்.

முருகையன் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கவில்லை. துண்டைத் தேடினார், கழுத்தில் இல்லை. அவள் மடியிலிருந்ததை எடுத்து நீட்டினாள். அதை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். விஜயா சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர்கள் பல வருஷம் வந்தார்கள். முருகையன் மாத்திரை போட்டுக்கொண்டார். மாலையில் டெம்போவை நிறுத்திவிட்டு அப்பாவும் மகளும் கடற்கரை ரோட்டில் நடப்பார்கள் என்று சிஸ்டர் சொல்வார். கழுத்தில் புண் ஆறியது. கறுப்பு கொஞ்சம் மங்கியது. முழுக்கப் போகவில்லை. எடை இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். டாக்டரம்மா எண்ணைச் சொல்லவே இல்லை.

ஆனால் அந்த அறை என்றால் எனக்கு முடிவு வந்த அந்த மதியம்தான் ஞாபகத்துக்கு வரும். மூன்று பேரும் வராந்தாவுக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. தர்ஷினிக்கு முடிக்கு அடியில் வேர்த்து வழிந்தது. விஜயா அவளைத் தூணருகே நிறுத்தினாள். துப்பட்டாவை உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பின்னால் நின்று, கழுத்தை மூடியிருந்த முடியை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். மேலே தூக்கிச் சுருட்டினாள். தன் தலையிலிருந்த கிளிப்பை எடுத்து மகளுக்குக் குத்தினாள். கை இரண்டும் மேலே இருந்தபோது பார்த்தேன். இடுப்பில் சாவி இல்லை.

"வேர்க்குது பாரு," என்றாள். கழுத்தில் கையை வைத்தாள். தேய்க்கவில்லை. சும்மா வைத்திருந்தாள்.

பிறகு போனார்கள். முருகையன் துண்டைக் கழுத்தில் சுற்றவில்லை, கையில் வைத்திருந்தார். நான் அறை வாசலில் நின்று பின்னாலிருந்து பார்த்தேன். வெயிலில் இரண்டு கழுத்தும் ஒன்றுபோல இருந்தன.